குறைந்த செலவில் குயில்ட் தைக்கத் துணி சேர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி என மூன்று அடுக்காகத் தைக்கிற போர்வைதான் குயில்ட். தைக்க ஆசைப்படுகிறவர்கள் கேட்பது தையலைப் பற்றி அதிகம் இல்லை, துணிச் செலவைப் பற்றித்தான். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ள கணக்கை நம்பித்தான் இருக்கின்றன.

ஒரு போர்வைக்கு மொத்தம் எவ்வளவு துணி வேணும்? குத்துமதிப்பா சொல்லுங்க.

ஒருவர் போர்த்திக்கொள்ளும் அளவு, அதாவது 60 இஞ்ச் அகலம் 80 இஞ்ச் நீளம் என்று வைத்துக்கொள்வோம். தைத்து முடித்தபின் 5 இஞ்ச் வரும் சதுரங்கள் என்றால் 12 வரிசைக்கு 16 வரிசை, மொத்தம் 192 சதுரம். தையலுக்குப் பக்கத்துக்குக் கால் இஞ்ச் விடவேண்டும் என்பதால் ஒவ்வொன்றையும் ஐந்தரை இஞ்சாக வெட்டணும். குயில்ட் காட்டன் பெரும்பாலும் 42 முதல் 44 இஞ்ச் பன்னாவில் (துணியின் அகலம்) வரும், அதில் குறுக்கே ஏழு சதுரம் கிடைக்கும். கணக்குப் போட்டால் மேல்துணிக்கு மட்டும் ஏறக்குறைய 4 மீட்டர்.

இதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் பட்ஜெட் போடுகிறார்கள். அடித்துணி நாலு பக்கமும் மேல்துணியைவிட 4 இஞ்ச் கூடுதலாக இருக்கணும், அதாவது 68க்கு 88. அதே பன்னாவில் இரண்டு நீளம் எடுத்து நடுவில் இணைத்தால் நாலரை மீட்டர் ஆகிவிடும். சுற்றிலும் விளிம்பை மூடித் தைக்கிற ஓரப்பட்டிக்கு இன்னொரு அரை மீட்டர். ஆக 9 மீட்டர், அதில் பாதிக்கு மேல் யாரும் பார்க்காத பின்பக்கத்துக்கும் ஓரத்துக்கும் போகிறது. செலவைக் குறைக்க நினைத்தால் முதலில் கைவைக்கவேண்டிய இடம் அந்தப் பின்பக்கம்தான்.

காட்டன் மட்டும்தான் வாங்கணுமா?

முதல் போர்வைக்கு ஆமாம். காட்டன் அயர்ன் போட்டால் மடிப்பு நிற்கும், வெட்டும்போது நழுவாது, ஊசி சுலபமாக இறங்கும். குயில்ட்டுக்கென்று விற்கும் துணி சாதாரண நெசவுதான், சதுர மீட்டருக்குச் சுமார் 140 கிராம் எடை இருக்கும். அந்த எடைக்குப் பக்கத்தில் இருக்கும் எந்தப் பருத்தித் துணியும் வேலைக்கு ஆகும். பெயர் பெற்ற டிசைனர் முத்திரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாப்ளின், சட்டைத் துணி எல்லாம் இதில் அடக்கம்.

தவிர்க்கவேண்டியது, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் விரல் தெரிகிற அளவுக்கு மெல்லியது, அப்புறம் கஞ்சி ஏற்றி விறைப்பாக்கி விற்கிற தளர் நெசவு. இரண்டாவதை ஒரு மூலையில் பிடித்துக் கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். விறைப்பு போய், இழைகள் விலகிச் சன்னல் மாதிரி தெரிந்தால் தையல் ஓரத்தில் அது சீக்கிரமே பிரிந்துவிடும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வாரக்கணக்கில் உட்கார்ந்து தைக்கிற வேலை இது, இரண்டு சலவையில் பிய்ந்து போகக் கூடாது.

மீட்டர் விலை குறைவா இருக்கிற துணியை எடுத்துடலாமா?

மீட்டர் விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், சதுர மீட்டர் விலையைப் பாருங்கள். ஒரு துணி 110 செ.மீ. பன்னா, இன்னொன்று 150 செ.மீ. என்றால், அகலமானது 1.36 மடங்குக்குக் குறைவான விலையில் இருக்கும்வரை அதுதான் லாபம். மீட்டர் விலையை மீட்டரில் சொன்ன பன்னாவால் வகுத்தால் சதுர மீட்டர் விலை வந்துவிடும், செல்போனில் அரை நிமிட வேலை.

இதே கணக்கை, முன்கூட்டியே சதுரமாக வெட்டிக் கட்டி விற்கும் பாக்கெட்டுகளுக்கும் போட்டுப் பாருங்கள். ஒரே துணி பாக்கெட்டில் வரும்போது பெரும்பாலும் கணிசமாக விலை ஏறியிருக்கும், ஏனென்றால் வெட்டிய கூலிக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். பல வகை அச்சுகள் கொஞ்சம் கொஞ்சமாக வேண்டும் என்பவர்களுக்கு அது உதவும்தான். பட்ஜெட் இறுக்கம் என்றால் தானின் (கடையில் சுற்றி வைத்திருக்கும் முழுச் சுருள்) கடைசியில் மிஞ்சும் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மீட்டருக்குக் குறைவாக மிஞ்சியதை முழு விலைக்கு விற்க முடியாது என்பதால் பெரும்பாலான கடைகள் குறைத்தே கொடுக்கும்.

கிலோ கணக்கில் விக்கிற கட் பீஸ் லாபமா நஷ்டமா?

மேலே சொன்ன 140 கிராம் கணக்குப்படி ஒரு கிலோ என்பது சுமார் 7 சதுர மீட்டர். காகிதத்தில் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு போர்வைக்கு மேல்துணி தேறும். நடைமுறையில் அந்த மூட்டையில் கைக்குழி வளைவும், கழுத்து வெட்டிய பிறையும், இரண்டு விரல் அகல நாடாவும் கலந்திருக்கும். பாதி தேறினால் நல்ல மூட்டை என்பேன். ஆகவே கிலோ விலையை 7 சதுர மீட்டரால் வகுக்காதீர்கள், மூன்றரையால் வகுத்து, அப்போதும் மலிவாக வருகிறதா என்று பாருங்கள்.

கையை விட்டுப் பார்க்க அனுமதித்தால் அடியில் இருப்பதை எடுத்துப் பாருங்கள். மேலே நல்ல துண்டுகளை வைத்துக் கட்டுவது வழக்கம். தையற்காரரிடம் நேரில் கேட்டு வாங்கும் வெட்டுத்துண்டு இன்னும் நல்லது. எந்தத் துணி எந்த உடைக்கு வந்தது என்று அவருக்குத் தெரியும், 'காட்டன் மட்டும் தனியா எடுத்து வைங்க' என்று ஒரு பையைக் கொடுத்துவிட்டு வந்தால் போதும்.

காட்டன்னு சொல்லித்தான் வித்தாங்க. நிஜமா காட்டனான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

எரித்துப் பார்ப்பதுதான் வழி. ஓரத்திலிருந்து ஓர் இஞ்ச் துண்டை வெட்டி, உலோக இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி சட்டென்று பற்றி, காகிதம் எரியும் வாடையோடு எரிந்து, தொட்டால் பொடியாகிற சாம்பலை விடும். பாலியஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருங்கி உருகும், ஆறியபின் கடினமான கறுப்பு மணி நிற்கும். சாம்பலும் இருக்கிறது, நெருடலும் இருக்கிறது என்றால் கலப்பு.

ஆனால் இந்தச் சோதனை எல்லா செல்லுலோஸ் இழைக்கும் ஒன்றுதான். ரேயானும் லினனும் பருத்தி மாதிரியேதான் எரியும். ரேயானைக் கண்டுபிடிக்க ஓர் இழையை நனைத்து இழுத்துப் பாருங்கள், காய்ந்திருந்ததைவிடச் சுலபமாக அறுந்தால் அது ரேயான். பருத்தி நனைந்தால் பலம் கூடும்.

வீட்ல பழைய சட்டை நிறைய இருக்கு. வெட்டித் தைக்கலாமா?

தாராளமாக. நல்ல சட்டைத் துணி நெருக்கமான நெசவு, பலமுறை துவைத்து இனிச் சுருங்காத நிலைக்கு வந்தது, சாயம் போவதெல்லாம் போய் முடிந்தது. புதுத் துணியில் நாம் பயப்படுகிற இரண்டு விஷயமும் இதில் ஏற்கெனவே தீர்ந்திருக்கும். பெரிய அளவு முழுக்கைச் சட்டை ஒன்றின் முதுகுப் பகுதியில் மட்டும் ஐந்தரை இஞ்ச் சதுரம் 16 வரை எடுக்கலாம். முன்பக்கம் இரண்டு, கை இரண்டு எல்லாம் சேர்த்தால் முப்பதுக்கு மேல் வரும். ஆக முதல் கேள்வியில் சொன்ன 192 சதுரத்துக்கு ஆறேழு சட்டை போதும்.

தையலைப் பிரித்துக்கொண்டு உட்காராதீர்கள். தையலை ஒட்டிக் கத்தரியால் வெட்டி எடுங்கள், மிஞ்சுவது கம்பி மாதிரி ஒரு தையல் ஓரம் மட்டும்தான். பொத்தான்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய ஒவ்வொரு பகுதியையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: முழங்கை, தோள், கழுத்துப்பட்டி மடிப்பு இந்த இடங்களில் துணி தேய்ந்து மெலிந்திருக்கும். அந்தப் பகுதியைத் தாராளமாக ஒதுக்குங்கள். நன்றாக இருக்கும் துணிக்குப் பக்கத்தில் மெலிந்ததைத் தைத்தால் முதலில் கிழிவது அந்தச் சதுரம்தான், மூன்றடுக்கும் சேர்த்துத் தைத்தபின் ஒரு சதுரத்தை மட்டும் மாற்றுவது பெரும்பாடு.

அடித்துணிக்கு பெட்ஷீட் போட்டா தப்பா?

இல்லவே இல்லை, முதல் பதிலில் சொன்ன நாலரை மீட்டரை ஒரேயடியாக மிச்சப்படுத்துவது இதுதான். நடுவில் இணைப்பும் இருக்காது. மிஷினில் தைப்பவர்கள் யோசிக்காமல் போடலாம்.

கையால் தைப்பவர்கள் மட்டும் கொஞ்சம் பார்க்கணும். விலையுயர்ந்த, இழை எண்ணிக்கை 300க்கு மேல் போட்டிருக்கும் விரிப்புகள் ரொம்ப நெருக்கமாக இருக்கும், ஊசி இறங்க அடம்பிடித்து விரல் நொந்துவிடும். சாதாரணமான 180, 200 எண்ணிக்கை விரிப்பு கைத்தையலுக்கு நல்லது, அதுதான் மலிவும்கூட. பழைய விரிப்பு என்றால் நடுப்பகுதி, ஆள் படுத்துத் தேய்ந்த இடம், மெலிந்திருக்கும். அதை விட்டுவிட்டு இரு பக்கங்களையும் எடுத்து இணைத்துக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் துணி வாங்கப் பயமா இருக்கு. மூட்டைப்பூச்சி வந்துட்டா?

நியாயமான பயம். வாங்கி வந்த பையை வீட்டுக்குள் அவிழ்க்காமல் நேராகச் சலவைக்குக் கொண்டுபோங்கள். துணி தாங்குமென்றால் 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது முட்டையோடு சேர்த்துக் கொல்லும். உலர்த்தும் இயந்திரம் இருந்தால் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டுவதும் வேலை செய்யும். வெந்நீர் தாங்காத துணியைப் பிளாஸ்டிக் பையில் மூடி, மைனஸ் 18 டிகிரி குளிரில் நான்கு நாளாவது வைத்திருக்கணும்.

ஈர வாடை பிடித்த துணியைத் துவைத்து வெயிலில் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கறுப்புப் புள்ளி விழுந்து, இழுத்தால் பொருபொருவென்று கிழிகிறது என்றால் பூஞ்சை இழையைத் தின்றிருக்கிறது. விட்டுவிடுங்கள்.

சாயம் போகாம இருக்க உப்பும் வினிகரும் போட்டு ஊறவச்சா போதும்னு சொல்றாங்களே?

பருத்திக்கு அது வேலை செய்யாது. உப்பு, சாயம் ஏற்றும் சமயத்தில் உதவுகிற பொருள்தான், ஏற்றி முடித்த துணியில் மிஞ்சி நிற்கும் சாயத்தை அது பிடித்து வைக்காது. வினிகர் கம்பளி, பட்டுக்கான சாயங்களோடு சம்பந்தப்பட்டது. செய்யவேண்டியது நேரெதிர்: போகிற சாயத்தை வெந்நீரும் சோப்பும் போட்டுப் போகவிடணும், அலசும் நீர் தெளியும்வரை.

அடர் சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் எப்போதும் சந்தேகியுங்கள். ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து அயர்ன் போட்டுப் பாருங்கள், கறை விழுந்தால் இன்னும் துவைக்கணும். நாலைந்து சலவைக்குப் பிறகும் விழுகிறதென்றால் அதை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். துவைக்கும்போது புதுப் பருத்தி 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கலாம் என்பதையும் மனதில் வைத்து வாங்குங்கள். சின்னத் துண்டுகளை வலைப் பையில் போட்டுத் துவைத்தால் நூல் சிக்கிக்கொள்ளாது.

நடுவுல வைக்கிற பஞ்சு விரிப்பு ரொம்ப விலையா இருக்கு. வேற வழி?

பழைய மெல்லிய கம்பளிப் போர்வை, ஃபிளீஸ் போர்வை, ஃபிளானல் விரிப்பு எதுவானாலும் வைக்கலாம். ஃபிளீஸ் சுருங்காது, விலகாது, ஆரம்பக்காரர்களுக்கு ரொம்பச் சௌகரியம். குளியல் துண்டு வைத்தால் கனமும் காய நேரமும் கூடும். மிச்சம் மீதியான பஞ்சு விரிப்புகளை வீசாமல் ஓரங்களை நேராக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் ஒட்டிவைத்து, அகலமான ஜிக்ஜாக்கில் இணைத்துவிடுங்கள். ஏற்றித் தைத்தால் வெளியே மேடு தெரியும்.

சின்னச் சின்னத் துண்டை வச்சுத் தைச்சா சிக்கனம்தானே?

குப்பைக்குப் போகவிருந்த துண்டாக இருந்தால் சிக்கனம். காசு கொடுத்து வாங்கிய துணியைச் சின்னதாக வெட்டினால் செலவு கூடுகிறது. அதே 60க்கு 80 போர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். 10 இஞ்ச் சதுரமாகத் தைத்தால் சுமார் 3.4 சதுர மீட்டர் துணி. 5 இஞ்ச் என்றால் 3.75. 2 இஞ்ச் என்றால் 1200 சதுரம், 4.8 சதுர மீட்டர்! கூடுதலாகப் போன துணி முழுக்கத் தையலுக்குள் மடிந்து மறைகிறது. இரண்டரை இஞ்சாக வெட்டிய ஒரு துண்டில் 36 சதவீதம் வெளியே தெரிவதே இல்லை. நூலும் நேரமும் வேறு.

ஆகவே வாங்கிய துணியைப் பெரிய துண்டாகவும், மிச்சத்தைச் சின்னத் துண்டாகவும் பயன்படுத்துங்கள். நாடா மாதிரி மிஞ்சுவதற்கு ஒரு நல்ல வழி உண்டு: மெல்லிய காகிதச் சதுரத்தின் மேல் ஒன்றை வைத்து, அதன்மேல் அடுத்ததைக் கவிழ்த்துத் தைத்து, திருப்பி அயர்ன் போட்டு, இப்படியே காகிதம் முழுக்க நிரப்பி, ஓரங்களைச் சதுரமாக வெட்டிவிட்டுக் காகிதத்தைக் கிழித்துவிடுவது. கிலோ மூட்டையில் தேறாது என்று சொன்ன பாதியில் நிறைய இதற்கு ஆகும். கிராஸாக வெட்டுப்பட்ட, இழுத்தால் நீளுகிற துண்டுகளைக்கூடக் காகிதம் நேராகப் பிடித்துக்கொள்ளும்.

ஜீன்ஸ், டி-ஷர்ட், பட்டு எல்லாம் கலந்து தைக்கலாமா?

ஒன்றாகக் கலக்காதீர்கள். ஜீன்ஸை ஜீன்ஸோடு தையுங்கள், 16ஆம் நம்பர் ஊசி போட்டு, தையல் ஓரத்தை இருபுறமும் விரித்து அயர்ன் செய்து. நடுவில் பஞ்சே தேவைப்படாது. டி-ஷர்ட் நீளும் துணி, பின்னால் ஒட்டும் கேன்வாஸ் (அயர்ன் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் விறைப்புத் துணி) வைத்தால்தான் சதுரம் சதுரமாக நிற்கும், அந்தக் கேன்வாஸ் செலவைக் கணக்கில் சேருங்கள். பட்டு, ஷிஃபான் மாதிரியானவற்றைத் துவைக்கும் போர்வைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பாலியஸ்டர் கலந்த சட்டைத் துணி இரண்டு மூன்று இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம், அயர்ன் சூட்டை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கிடைச்சதையெல்லாம் சேர்த்தா கண்றாவியா இருக்காதா? கலர் ஒண்ணுக்கொண்ணு சேரவே சேராது.

நிறம் சேருவதைவிட வெளிர், அடர் என்ற வேறுபாடுதான் கண்ணுக்கு ஒழுங்கைத் தருகிறது. துண்டுகளைத் தரையில் பரப்பி, செல்போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். எது வெளிர், எது அடர், எது நடுத்தரம் என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு கட்டத்தையும் குறுக்குவாட்டில் பாதி வெளிர், பாதி அடராக அமைத்தால் இருபது வகைத் துணியும் ஒரே போர்வையாகிவிடும். இல்லாவிட்டால் இரண்டு மீட்டர் ஒரே நிறத் துணி மட்டும் புதிதாக வாங்கி, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே பட்டையாக ஓடவிடுங்கள். காசு செலவழிக்கவேண்டும் என்றால் நான் இதற்குத்தான் செலவழிப்பேன்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்துத் தேய்ந்த வேலை உடுப்புகளை வெட்டிப் போர்வை தைத்தார்கள். முழங்கால் பகுதியில் மங்கித் தெரிகிற நீலத் திட்டு, பாக்கெட் பிரித்த இடத்தின் தடம் எல்லாம் அப்படியே இருக்கும். குளிருக்காகத் தைத்த அந்தப் போர்வைகள் 2002இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் மாட்டப்பட்டன, 2006இல் அமெரிக்க அஞ்சல்தலைகளாகவும் வந்தன. அவற்றின் படங்களை ஒருமுறை தேடிப் பாருங்கள், 'சேரவே சேராது' என்ற பயம் போய்விடும்.

ஆன்லைன்ல வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

பன்னா, சதுர மீட்டர் எடை, எத்தனை சதவீதம் பருத்தி. இந்த மூன்றும் போடாத பக்கத்தில் வாங்காதீர்கள். 'காட்டன் ஃபீல்', 'காட்டன் மிக்ஸ்' என்றால் பாலியஸ்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் செலவையும் சேர்த்துச் சதுர மீட்டர் கணக்குப் போடுங்கள். ஓரப்பட்டித் துணியை ஒன்றாகவே வாங்கிவிடுங்கள், அடுத்த முறை வரும் அதே நிறம் வேறு சாயத் தொகுதியில் சற்று மாறி வரலாம்.

நூல், ஊசியிலும் மிச்சம் பிடிக்கலாமா?

வேண்டாம். மட்டமான நூல் பிசிறு விட்டு, மிஷினில் அடிநூல் சுற்றும் பாபினை அடைக்கும், அறும். துணியில் மிச்சம் பிடித்ததில் கொஞ்சத்தை இங்கே போடுங்கள். பழைய நூற்கண்டு கிடைத்தால் ஒரு முழம் இழுத்து வெடுக்கென்று அறுத்துப் பாருங்கள், எதிர்ப்பே இல்லாமல் அறுந்தால் டாக்கா (தற்காலிகத் தையல்) போடக்கூட அது லாயக்கில்லை.

தள்ளுபடின்னு வாங்கி வாங்கிச் சேர்ந்து கிடக்கு. இதையும் சிக்கனம்னுதான் நினைச்சேன்...

அச்சுத் துணிகள்தான் அதிகம் கிடக்கும், ஒரே நிறத் துணி குறைவாக இருக்கும், இல்லையா? தள்ளுபடியில் வருவது பெரும்பாலும் போன பருவத்து அச்சுகள்தான். முதலில் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, கலர் சேருவது பற்றிய கேள்வியில் சொன்னபடி வெளிர், நடுத்தரம், அடர் என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். எந்தக் குவியல் சின்னதோ அதைத் தவிர வேறு எதையும் தள்ளுபடியில் வாங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களிடம் வெளிர்தான் குறைந்திருக்கும்.

பிடிக்காமல் போன துணியை அடித்துணியாக இணைத்துவிடலாம், தைப்பவர்கள் கூடும் இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். உங்களுக்குச் சலித்த பூப்போட்ட துணியை இன்னொருவர் தேடிக்கொண்டிருப்பார்.

பாதியில துணி தீர்ந்துபோச்சு, அதே துணி எங்கேயும் கிடைக்கல. இப்ப என்ன பண்றது?

மிஞ்சியிருக்கும் சதுரங்களை முதலில் எண்ணுங்கள், பிறகு இதுவரை தைத்ததைத் தரையில் விரியுங்கள். குறைந்த துணியைக் கடைசி வரிசையில் மட்டும் மாற்றினால் தீர்ந்துபோனது அப்பட்டமாகத் தெரியும். ஆகவே அதே அடர்த்தியுள்ள வேறு துணியைத் தேர்ந்து (கறுப்பு வெள்ளைப் படம் இங்கேயும் உதவும்), இன்னும் இணைக்காத வரிசைகளில் ஒரு பக்கமாகக் குவியாதபடி பரப்புங்கள். ஏற்கெனவே இணைத்த வரிசைகளிலும் இரண்டு மூன்று சதுரத்தைப் பிரித்துப் புதியதை வைத்து, எடுத்த பழையதைக் கீழ் வரிசைகளுக்குக் கொண்டுபோங்கள். மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்கும் முன்பு என்றால் இது ஒரு மாலை வேலைதான்.

அப்படியும் போதவில்லை என்றால் போர்வையின் அளவைக் குறைத்து, சுற்றிலும் வேறு நிறத்தில் அகலமான கரை வையுங்கள். பக்கத்துக்கு 5 இஞ்ச் கரை வைத்தால் நடுவில் 50க்கு 70 போதும், 192 சதுரத்துக்குப் பதில் 140தான் தேவைப்படும். கரைக்கான துணியை வெட்டும் முன் நடுப்பகுதியை இரண்டு ஓரத்திலும் நடுவிலும் அளந்து சராசரி எடுத்துக்கொள்ளுங்கள், ஓரத்தை மட்டும் அளந்து வெட்டினால் கரை அலை அலையாக நிற்கும்.